மாடியில் விட்ட கம்பிகள்

1

ஏஜெண்டு அம்மாள் வீட்டைச் சோதிக்க வருகிற நாளில் நான் குழம்பு தாளிப்பதில்லை. கடுகு வாசனை சுவரில் ஊறிவிட்டது என்று எழுதிவிடுவாளோ என்ற பயம். முந்தின நாளே குளியலறைக் கூரையில் படர்ந்த பூஞ்சையைத் துடைத்து, குக்கர் ஆவியில் மஞ்சளாகிப் போன சுவரைத் தேய்த்து, மிளகாய்த்தூள் டப்பாக்களை அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிடுவேன். நியூசிலாந்தில், வெலிங்டனை ஒட்டிய ஹட் பள்ளத்தாக்கில் இருக்கிறோம். இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் சார்பில் ஆள் வந்து பார்ப்பது வழக்கம். முன்கூட்டியே தகவல் சொல்லி, குறித்த நேரத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடி உள்ளே நுழைவாள்.

சிரிக்கிற அதிகாரியை நான் நம்புவதில்லை. காஞ்சிபுரத்தில் அதிகாரி சிரித்தால் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். இங்கே எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பதினான்கு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்தத் தடவை அவள் சமையலறைக் கூரையை ஒன்றுக்கு நாலாகப் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, பதிவுக்கு" என்றாள். அவள் கிளம்பும்போது, "இந்த வீட்டில் இன்னும் எவ்வளவு காலம் இருப்பதாக உத்தேசம்?" என்று கேட்டாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. வாடகையை ஏற்றப் போகிறார்கள், இல்லாவிட்டால் விற்கப் போகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் திரையை விலக்கி, அவள் காரில் உட்கார்ந்து யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பும் அதேதான். நானும் அடுத்தவர் கட்டடத்துக்குள் போய் நோட்டம் விடுகிற ஆள். அவசரக் கதவு திறக்கிறதா, புகை வந்தால் மணி அடிக்குமா, பால்கனிக் கைப்பிடி உளுத்துவிட்டதா, படிக்கட்டில் யாராவது சைக்கிளை நிறுத்தி வழியை அடைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். "சும்மா பாத்துக்கினு இருந்த வேலைக்கு இப்ப சம்பளம் குடுக்கறாங்க" என்பார் என் கணவர். அவருக்கும் என்னைப் போலக் காஞ்சிபுரத்துச் செவிலிமேடுதான். அவர் போனில் யாரோடாவது தாழ்ந்த குரலில் பேசினால் நான் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

2

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு காப்பிக் கடை வாசலில் நான் கண்ட அறிவிப்பை மறக்க முடியாது. நிலநடுக்கம் வந்தால் இந்தக் கட்டடம் ஆபத்தானது என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே போனார்கள், காப்பியும் கையுமாக வெளியே வந்தார்கள். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். விழும் என்றால் ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்? விழாது என்றால் எதற்கு இப்படி ஒட்டி வைத்திருக்கிறார்கள்? ஏதோ இன்சூரன்ஸ் தில்லுமுல்லு என்றுதான் நினைத்தேன். சரிசெய்யக் கெடு கொடுத்து, அதுவரை அறிவிப்பை ஒட்டித் திறந்து வைக்கலாம் என்பதுதான் சட்டமே என்று பிறகு வேலையில் சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் வளர்ந்த வீட்டில் அபசகுனமாக ஒரு வார்த்தை பேசிவிட முடியாது, அதிலும் வீட்டைப் பற்றி. உப்பு தீர்ந்துவிட்டால் "உப்பு நிறைய இருக்குது, வாங்கியா" என்பாள் அம்மா. விளக்கை அணை என்று சொன்னால் வாயில் ஒரு அடி விழும்; குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். பாதிரியார் எத்தனை தடவை சொல்லியும் இந்த ஒரு விஷயம் மட்டும் அம்மாவிடம் செல்லுபடியாகவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டுமானால் கூட அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, குரலை இறக்கித்தான் சொல்வாள். உள்ளே நின்று சொன்னால் வீடு காதில் வாங்கிக்கொள்ளுமாம்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஆபத்தான கட்டடங்களைக் கணக்கெடுக்கிறோம் என்று அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பழைய சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் போட்டுவிட்டுப் போனார்கள். பாலாற்றுப் பக்கம் ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள், அதற்கு இது ஒரு சாக்கு என்று தெருவே முடிவு கட்டியது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அடையாளம் போடவில்லை. ஏன் நம் வீட்டை மட்டும் விட்டார்கள் என்று அதற்கும் அம்மா சந்தேகப்பட்டாள்.

3

எங்கள் வீட்டைக் கட்டியது அப்பா. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு சின்னதாக மேஸ்திரி ஆனார். அவருடைய அப்பா முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். சொந்தமாக ஒரு செண்ட் இடம் கிடையாது. அப்பா செவிலிமேட்டில் மனை வாங்கி, வேலையில் மிச்சமான பலகையையும் கம்பியையும் சேர்த்துச் சேர்த்து, ஞாயிறு கோயில் முடிந்த பிறகு வீட்டு வேலை பார்த்து, பல வருஷம் இழுத்து அதை முடித்தார். ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, மேலே மொட்டை மாடி.

மாடியில் ஒவ்வொரு தூணின் தலையிலும் கம்பிகளை ஆளுயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார். இது நம் பக்கத்து வழக்கம், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது காசில்லை, நாளைக்கு மாடி எடுக்கும்போது இந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே மேலே போகலாம் என்ற கணக்கு. எந்தத் தெருவில் மாடி ஏறிப் பார்த்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அப்படிக் கம்பி நிற்கும். சில வீட்டில் அதில் துணி காயும்.

எங்கள் வீட்டுக் கம்பியில் துணி காயப் போட அப்பா விடமாட்டார். "அது கிரேஸுது" என்பார். கீழே தம்பி டேவிட்டுக்கு, மேலே எனக்கு. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண் பிள்ளைக்கு எதற்கு மாடி, அவள் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போகிறவள்தானே என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "போறவளுக்குத்தான்யா திரும்பி வர ஒரு எடம் வோணும். இருக்கறவனுக்கு எதுக்கு?" என்றார் அப்பா. அதைச் சொன்னபோது அவர் குரல் வெகு சாதாரணமாக இருந்தது.

நான் கல்யாணம் கட்டி, படித்து, இங்கே வந்துவிட்டேன். அடுத்த வருஷம் மாடி எடுக்கலாம், அடுத்த வருஷம் எடுக்கலாம் என்று தள்ளிப் போனது. அப்பாவும் காலமாகிவிட்டார்.

4

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் கோயில் முடிந்து வந்த மதியம். அப்போதுதான் வீடியோவில் பேசிக்கொள்வோம். ஏஜெண்டு அம்மாள் வந்துபோன அந்த வாரமும் பேசினேன். டேவிட் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். வேலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என் கண் அவன் முகத்தில் இல்லை, அவனுக்குப் பின்னால் இருந்த தூணில் இருந்தது. கூடத்துச் சுவரெல்லாம் வெளுத்துப்போன பழைய பச்சை. அந்தத் தூண் மட்டும் புதுப் பச்சை.

"இன்னாடா அது, தூணுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"அதுவாக்கா? பாப்பா கலர் பென்சில்ல கிறுக்கி வச்சிட்டா. அதான்."

அவன் மகளுக்கு நாலு வயது. கிறுக்கியதை மறைக்க இடுப்பு உயரத்துக்கு அடித்தால் போதும். பெயிண்ட் உத்தரம் வரைக்கும் போயிருந்தது. குழந்தை ஏணி போட்டு ஏறியா கிறுக்கினாள்? கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், "அம்மா பேசணுமாம்" என்று போனை மாற்றிவிட்டான். அம்மா எடுத்த எடுப்பில் "சாப்ட்டியாம்மா?" என்றாள். நாங்கள் பேசத் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு அந்தத் தூணில் காலண்டர் தொங்கியது. கூடத்தில் வழக்கமாக அம்மா படுக்கிற கட்டில் அந்த இடத்தில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு டேவிட் வாசலில் நின்றபடியே பேசினான். உள்ளே சிக்னல் இல்லை என்றான். இத்தனை வருஷம் இருந்த சிக்னல் திடீரென்று எங்கே போயிற்று?

என் மகள் ஷெரின் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், எப்போதாவது என்மேல் இரக்கம் வந்தால் தமிழில் பேசுவாள்.

"அது யாரு வீடும்மா?"

"நம்ம வீடு. இது கூடத் தெரியாதா?"

"நாம அங்க இல்லையே. அப்புறம் எப்படி நம்ம வீடு?"

குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. நமக்கு ஒரு மாடி இருக்கிறது, இன்னும் கட்டவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். கட்டாத மாடியைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

பத்மா எனக்குப் பள்ளிக்கூடத்துத் தோழி, அடுத்த வீடு. தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அவள் வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. நான் வேறு எதையோ விசாரிப்பது போல அவளுக்குப் போன் போட்டேன்.

"அய்யோ ராமா, நானே பேசணும்னு இருந்தேன்டி. மாடி எடுக்கப் போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் கண்ணால பாத்தேனே. ஒரு ஆளு டேப்பு புடிச்சிக்கினு ஒங்க மாடியில அளந்துக்கினு இருந்தாரு. டேவிட்டு அந்தக் கம்பியப் புடிச்சி ஆட்டி ஆட்டிக் காட்டிக்கினு இருந்தான். ஒங்கம்மா கீழ நின்னுக்கினு 'அதத் தொடாதடா, அதத் தொடாதடா'ன்னு ஒரே சத்தம். அப்புறமா நான் டேவிட்டுகிட்ட நூல் விட்டுப் பாத்தேன். வாயே தொறக்கல."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது. டேவிட் என் மாடியை எடுத்து வாடகைக்கு விடத் திட்டம் போடுகிறான். தூணுக்கு மேல் பாரம் ஏற்றுவதற்காகக் கீழே ஏதோ பலப்படுத்தி, பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறான். அம்மா எனக்காகத் தடுக்கிறாள். அதனால்தான் நான் கேள்வி கேட்டதும் போனை அவளிடம் தள்ளிவிட்டு நழுவுகிறான். ஒவ்வொரு ஆதாரமும் மற்றொன்றோடு கச்சிதமாகப் பொருந்தியது. அலுவலகத்தில் ஒரு கட்டடத்தைப் பற்றி இவ்வளவு ஆதாரம் கிடைத்தால் கதவை மூடி முத்திரை வைத்திருப்பேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்த பையன். "மாடி போனா போவுது, விடேன்" என்றார் என் கணவர். அவர் ஏன் விடச் சொல்கிறார் என்று அவர்மேலும் சந்தேகம் வந்தது. டேவிட்டும் அவரும் ஏற்கெனவே பேசிக்கொண்டுவிட்டார்களா?

6

டேவிட் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன். அப்போதுதான் அவனால் போனை அம்மாவிடம் தள்ளிவிட முடியாது.

"மாடிய அளந்தியாமே."

"பத்மாக்கா சொல்லிச்சா?"

"யாரு சொன்னா இன்னா? அளந்தியா இல்லியா?"

"அக்கா, நீ நெனைக்கறது இல்லக்கா. போட்டோ அனுப்பறேன், பாரு. பாத்துட்டு கூப்பிடு."

படங்கள் வந்தன. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்தவை. தூணின் தலையிலிருந்து கீழே இடுப்பு உயரம்வரைக்கும் நேர்க்கோடாக ஒரு விரிசல். அதன் இரண்டு ஓரமும் செம்மண் நிறத்தில் கசிந்திருந்தது. உத்தரத்துக்குக் கீழே சிமெண்டு பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி செதில் செதிலாக உரிந்து தெரிந்தது. கடைசிப் படம் மாடியில் எடுத்தது. அப்பா விட்ட கம்பிகள், வெயிலிலும் மழையிலும் நின்று, அடியில் பென்சில் பருமனுக்கு இளைத்துப் போயிருந்தன.

இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாக மழைத் தண்ணீர் தூணுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, தூணைப் பிளந்துகொண்டு வருகிறது. வேறு யாருடைய வீடாக இருந்திருந்தால் அன்றைக்கே ஆட்களை வெளியே அனுப்பச் சொல்லி எழுதியிருப்பேன். அந்தத் தூணுக்கு அடியில்தான் அம்மாவின் கட்டில் இத்தனை நாள் கிடந்தது.

கூப்பிட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சுக்கா. பைபிள் மேல கை வச்சி. இஞ்சினியர் வந்து பாத்துட்டு, கம்பிய அடியோட வெட்டி மூடணும், துருவ சொரண்டி எடுத்துட்டு தூணச் சுத்திப் புதுசா கான்கிரீட் போடணும்னாரு. அந்தக் கம்பி மேல இனிமே எவனும் மாடி எடுக்க முடியாதுன்னுட்டாரு. அதக் கேட்டதுலேர்ந்து அம்மா இஞ்சினியர உள்ளயே வுட மாட்டேங்குது. பட்டி வச்சி விரிசல மூடி பெயிண்ட் அடிச்சது நான் இல்லக்கா. நான் வேலைக்குப் போயிருந்தப்ப அதுவே ஆள வச்சி பூசிடிச்சி. காலண்டரும் அதுதான் மாட்டிச்சி. கட்டில மட்டும்தான் நான் சண்ட போட்டு நகத்துனேன்."

"எதுக்குடா இதெல்லாம்?"

"உனக்குத் தெரிஞ்சா வெட்டச் சொல்லிடுவியாம். உன் வேலையே அதுதானாம். வெட்டிட்டா அவளுக்கு இங்க இன்னாடா இருக்குது, எதுக்கு வரப் போறான்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

நான் மாடிப் படத்தை மறுபடி திறந்து பார்க்க, அவனே தொடர்ந்தான்.

"நானா வெட்டிடலாம்னு பாத்தேன். வெட்டுனா ஊர்ல இன்னா சொல்லுவாங்க? அக்கா பங்க அறுத்துட்டான்னுதான சொல்லுவாங்க. நீயே சொல்லுவ."

சொல்லியிருப்பேன். ஒரு வாரமாக மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவனிடம், "போடா, நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றேன்.

"அப்போ ஒரு தபா தெளிவா சொல்லு. நான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கம்பி விஷயம் அம்மா ஒத்துக்கொண்ட பிறகுதான், ஆனால் இன்றைக்கே உத்தரத்துக்கு அடியில் இரும்பு ஜாக்கி முட்டுக் கொடு, கூடத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது, பாப்பாவை அந்தப் பக்கமே விடாதே என்று வரிசையாகச் சொன்னேன். அவன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பாதி வழியில் இறங்கிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஜாக்கி நிறுத்திப் படம் அனுப்பினான். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு ஜாக்கியும் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன்.

7

மறுநாள் அம்மாவிடம் பேசினேன். தூண் என்று நான் ஆரம்பித்ததுமே, "இரு, இரு, வெளிய வரேன்" என்றாள். செருப்பு மாட்டுகிற சத்தம், கேட்டைத் திறக்கிற சத்தம், பிறகு டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் எல்லாம் கேட்டது. தெருமுனைவரைக்கும் நடந்து போயிருக்கிறாள்.

"ம், இப்ப சொல்லு."

"வெட்டிடலாம்மா. மழ வர்றதுக்குள்ள வெட்டிடணும்."

"உங்கப்பா வச்ச கம்பி அது."

"தெரியும்மா."

"ஒரு கம்பிய மட்டும் வுட்டு வைக்கலாமா? ஓரமா இருக்குதே, அத?"

"ஒண்ணு இருந்தாலும் தண்ணி எறங்கும்மா."

அவள் யோசித்தாள். பின்னால் யாரோ "இன்னாம்மா, இங்க நின்னுக்கினு இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "பொண்ணு பேசறா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"உங்க ஊர்ல ஒரு வீட்ட இடிக்கணும், வெட்டணும்னு எழுதறியே, போட்டோவப் பாத்துட்டா எழுதுவ?"

"போட்டோ பாத்து எழுத மாட்டோம்மா. நேர்ல போயி, சுத்தியால தட்டிப் பாத்துதான்..."

"அப்போ எங்க வீட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு போன்ல சொல்ற? வெள்ளக்காரன் வீடுன்னா நேர்ல போவ, பெத்தவ வீடுன்னா போட்டோ போதுமா? வா. வந்து தட்டிப் பாரு. பாத்துட்டு நீயே உன் வாயால வெட்டுன்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்த பேசறனா பாரு."

இதற்காகத்தான் இத்தனை நாள் பெயிண்ட் அடித்துக் காத்திருந்தாளோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. இன்றுவரை அதை அவளிடம் கேட்கவில்லை.

அலுவலகத்தில் விடுமுறை கேட்டபோது மேலாளர், "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் தர அவர்களிடம் எந்த வகை விடுப்பும் இல்லை, அதனால் ஆண்டு விடுப்பில் கழித்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் மாறிவிட்டதால் நான் பிறந்த ஊருக்குப் போக விசா வாங்க வேண்டியிருந்தது. வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். சுற்றுலா என்று போட்டேன். கட்டடச் சோதனை என்று போட்டால் எவனாவது கூப்பிட்டுக் குடைவான்.

ஷெரினையும் கூப்பிட்டேன். அவளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. "போட்டோ அனுப்பும்மா, அது போதும்" என்றாள்.

8

நான் போய் இறங்கியபோது அம்மா வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் இருந்து, "கை கால் கழுவு, சாப்புட்டுட்டு அப்புறமா தட்டலாம்" என்று குரல் மட்டும் வந்தது. கூடத்தில் ஜாக்கிகளுக்கு நடுவே குனிந்துதான் போக வேண்டியிருந்தது. கால் ஒடிந்தவனுக்குக் கட்டை கொடுத்த மாதிரி நின்றது வீடு.

இஞ்சினியர் மறுநாள் காலையில் வந்தார், சின்ன வயது. எனக்கு அவர்மேலும் சந்தேகம்தான். கான்கிரீட் வேலை செய்கிற ஆளும் அவருக்குத் தெரிந்தவராமே, இருவருக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று நினைத்தேன். அவர் சொன்னதை எல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். தூணை அடியிலிருந்து உத்தரம்வரைக்கும் நானே சுத்தியால் தட்டிக்கொண்டு போனேன். கீழே கணீரென்று கேட்டது. இடுப்புக்கு மேலே போகப் போகச் சத்தம் செத்துப்போய்விட்டது. ஒரு இடத்தில் தட்டியதும் பட்டியும் பெயிண்டும் பெயர்ந்து என் காலடியில் விழுந்தன. அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். மற்றத் தூண்களையும் தட்டினேன். ஒன்று சுமார், இரண்டு நன்றாக இருந்தன. இஞ்சினியர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மாடிக்குப் போனோம். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தண்ணீர் இறங்காமல் இருக்க அம்மா செய்த வேலை. முழங்கால் வலியோடு எத்தனை தடவை ஏறினாளோ. பாட்டில் முனையை மூடியிருந்தது, தண்ணீர் இறங்குகிற அடிப்பக்கம் திறந்தே கிடந்தது. நான் ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்த்தேன். கையெல்லாம் துரு.

கட்டிங் மெஷின்காரர் என் முகத்தைப் பார்த்தார். டேவிட் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாடியில் பத்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றாள்.

"வெட்டுங்கண்ணா" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன்.

மெஷின் சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அடி இளைத்துப் போயிருந்ததால் கம்பிகள் சீக்கிரம் அறுந்தன. ஒவ்வொன்றும் விழும்போது காலடியில் தளம் அதிர்ந்தது. அப்பா கம்பி கட்டும்போது நானும் கட்டுக்கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. டேவிட் வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் டீ குடிக்கக் கீழே போனார்கள். மாடி வெறிச்சென்று இருந்தது. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், கம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துத் துருத் தூளைக் கூட்டத் தொடங்கினாள். நான் கொடு என்று கேட்டும் கொடுக்கவில்லை.

"எப்போ கெளம்பற?"

"அடுத்த ஞாயிறும்மா. தூணுக்குக் கான்கிரீட் போட்டு முடிச்சதும்."

அவள் தலையாட்டிவிட்டு, தூளை முறத்தில் அள்ளினாள். நிமிராமலே கேட்டாள்.

"கம்பிக்குன்னதும் ஓடியாந்துட்ட. எனக்குன்னு எப்பம்மா வருவ?"